சூட்டோடு கழற்றிய சட்டம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தும் கோணும், சொல்லும் கோணும். ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றது மறந்துபோகும். மறந்தது சமைக்கும்போது ஞாபகம் வரும், அப்போது கையில் பேனை இராது. எங்கள் முதியோர் ஒன்றுகூடலில், இந்த நாட்டில் கண்டதில் ஏதாவதொன்றை எழுதித் தாருங்கள் என்றார்கள். நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள். எழுதினால் என் முகம் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். மற்றவர்கள் முதல் பனி பார்த்ததை எழுதுகிறார்களாம். நான் எழுதப்போவது அப்படி அழகான விஷயம் இல்லை.

நான் இருப்பது வில்லரே என்ற பகுதியில், என் கடைசி மகனோடும் மருமகளோடும். மகன் வெல்டிங் வேலைக்காரன், பின்னேர வேலை. மருமகள் காலையிலேயே கார்தரிக்கு, அதாவது பிள்ளைகள் காப்பகத்துக்கு, வேலைக்குப் போய்விடுவாள். ஆகையால் பகலில் வீட்டில் நானும் அவனும்தான். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஒழுங்கையைப் பார்த்தபடி ஒரு கராஜ். அதில் முன்பு நான் மிளகாய் காயவைத்தேன், பனிக்காலத்தில் வெங்காய மூட்டை வைத்தேன். அந்தக் கராஜுக்குள்தான் அந்த அரியண்டம் வந்து சேர்ந்தது.

ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கிழவர் இருந்தார். இந்த ஊர் மனிதர், பிரெஞ்சுதான் பேசுவார். என்னைக் கண்டால் தொப்பியைத் தொட்டு "பொன்ஜூர் மதாம்" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன். அவருக்கும் என் மகனுக்கும் பழைய கார்ப் பைத்தியம். நூறு வருடம் முந்திய மாதிரிக் காரை எடுத்து, மட்காட்டைக் கழற்றி, தரையோடு தரையாகப் பதித்து, சத்தமான எஞ்சின் வைத்து ஓடுவார்களாம். அதற்கு ஹொட் றொட் என்று பெயர். பழைய ஆட்கள் செய்த முறைப்படியே செய்தால்தான் மதிப்பாம்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலில் கிடந்த கார்க் கூட்டை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. இருக்கைக்குள் எலி கூடு கட்டியிருந்தது. மயிர் முளைக்காத குஞ்சுகள் செத்துக் காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. புழுக்கை வேறு, மூத்திர வெடுக்கு வேறு. போட்டிருந்த சோட்டியின் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன். மகன் அதையெல்லாம் என் தும்புத்தடியால் கூட்டி அள்ளிவிட்டு, தும்புத்தடியைத் திரும்பக் குசினி மூலையில் சாத்தி வைத்தான்.

"டேய், இதை எங்க கொண்டுவந்து வைக்கிறாய்?"

"தட்டிப்போட்டுத்தான் வைச்சனான் அம்மா."

தட்டினானாம். நான் அதை அன்றைக்கே குப்பையில் போட்டேன்.

கார்க் கூடு ஒருமாதிரித் தேறும் என்றார்கள். ஆனால் அதன் கீழே இருந்த அடிச்சட்டம், அதாவது காரின் முழுப் பாரத்தையும் தாங்குகிற இரும்புக் கட்டு, தொட்ட இடமெல்லாம் பிஸ்கற் மாதிரி உதிர்ந்தது. அதனால் புதுச் சட்டம் செய்ய வேண்டி வந்தது. பழைய காரில் இருந்த அதே வளைவு, அதே நீளத்தில் இரண்டு பக்கத் தண்டுகளை இப்போதும் புதிதாக அடித்து விற்கிறார்கள். அவற்றை வாங்கிவந்து, நடுவில் குறுக்குச் சட்டங்கள் வைத்து ஒட்ட வேண்டும். அது நேராக வந்தால்தான் மற்றதெல்லாம்.

கிழவரின் கொட்டிலில் கம்பளி போர்த்தி ஒரு பழைய எஞ்சின் இருந்தது. என் மகன் அதைப் பற்றிக் கதைத்தால் கோயில் விக்கிரகத்தைப் பற்றிக் கதைப்பது மாதிரி இருக்கும். கிழவர் தன் வீட்டை விட்டு, மகளுக்குப் பக்கத்தில், புவாண்ட்-கிளேரில் முதியோர் வீடொன்றுக்குப் போக இருந்தார். இந்த ஊரில் எல்லோரும் வீடு மாறுகிற அந்த யூலை முதலாம் திகதிதான் அவருக்கும் நாள். அவர் மகனிடம் சொன்னது இதுதான்: "உன் சட்டம் நேராக இருந்தால் எஞ்சின் உனக்கு. கோணலாக இருந்தால், ஒழுங்கையில் வருகிற பழைய இரும்புக்காரனுக்கு. கோணல் சட்டத்தில் என் எஞ்சினை ஏற்ற விடமாட்டேன்." மகன் இதை வந்து எனக்குச் சொன்னபோது, சின்ன வயதில் சைக்கிள் கேட்ட முகம் அப்படியே இருந்தது. அதனால்தான் நான் அவ்வளவையும் பொறுத்தேன்.

எதையெல்லாம் பொறுத்தேன் என்று சொல்ல வேண்டும். என் தாச்சியில் பழைய எண்ணெய் வடித்தான். புட்டு அவிக்கிற பானையில் ஏதோ சாமானைப் போட்டுக் கொதிக்க வைத்தான். கழுவி வைத்திருக்கிறேன் என்றான். அடுத்த நாள் புட்டை வாயில் வைத்தால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசம். மருமகள் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள், நான் சத்தியெடுத்தேன். குளியலறைச் சவர்க்காரம் கறுப்பு. துவாய் கறுப்பு. கதவுப் பிடியில் கை வைத்தால் பிசுபிசு. இரும்பு அரைக்கிற தூள் சன்னலால் வந்து, மேசையில் மூடி வைத்த சோற்றுக்கு மேலேயும் படிந்தது. பல்லில் நறநறக்கும்.

அதைவிட அருவருப்பு இன்னொன்று. ஒருநாள் என் வினாகிரிப் போத்தலைக் காணவில்லை. பார்த்தால், பளபளவென்ற புது ஆணிகளை வினாகிரியிலும் உப்பிலும் ஊறப்போட்டிருக்கிறான். துருக் கறள் பிடிக்க வைக்கிறானாம்.

"புது ஆணிக்கு ஏன் கறள்?"

"பழசு மாதிரித் தெரியோணும் அம்மா."

"பழசு வேணுமெண்டா அந்தப் பழைய ஆணியையே பூட்டன்."

"அது உக்கிப்போச்சு."

"அப்ப புதுசைப் புதுசாவே வை."

"அது அழகில்லை."

அது மட்டுமில்லை. அந்தக் காலத்துச் சட்டங்களைக் குமிழ் குமிழாக ஆணி அறைந்து இணைத்திருப்பார்களாம். இவன் வெல்டிங்கால் ஒட்டிவிட்டு, அதன் மேலே வெறும் குமிழ்த் தலைகளைப் பொருத்தினான், பார்க்கிறவன் அறைந்தது என்று நினைக்கட்டும் என்று. ஒரு வேலையும் செய்யாத ஆணித் தலைகள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க, பல்லுப் போன வாயில் கட்டுப்பல் வைத்துக்கொண்டு கரும்பு கடிக்கிறேன் என்கிற ஆளின் ஞாபகம்தான் வந்தது.

ஆனால் அளவெடுக்கும்போது மட்டும் அவன் வேறு ஆள். பகலில் வேறு ஒருவரும் இல்லாததால் நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவான். நான் பாத்திரம் கழுவுகிற றபர் கையுறை போட்டுக்கொண்டு போவேன். இரண்டு தண்டுகளையும் ஒரு பெரிய இரும்பு மேசையில் வைத்து, நண்டு கவ்வினமாதிரி சுற்றிவரக் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தான். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளப்பான், பிறகு மற்ற மூலையிலிருந்து அளப்பான். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். கிழவர் பக்கத்தில் வாங்கு போட்டு உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குக் கண் மங்கல். நாடாவில் இலக்கம் தெரியாது. மகன் வாசிப்பான், அவர் தலையாட்டுவார். போகும்போது எனக்கு "மெர்சி, மதாம்" என்று நன்றி சொல்வார்.

"அம்மா, இதில இருக்கிற விஷயம் ஒண்டுதான்," என்று மகன் ஒருநாள் சொன்னான். "ஒரு பக்கமாவே ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. இஞ்ச கொஞ்சம், அங்க கொஞ்சம். ஒட்டினாப் பிறகு முழுக்க ஆற விடோணும். சூட்டோட கிளாம்பைக் கழட்டினா, இரும்பு தன்ர பாட்டுக்கு முறுகிப்போயிடும்."

இதை எனக்குச் சொன்னது அவன்தான். அதை மறக்க வேண்டாம்.

கடைசிக் குறுக்குச் சட்டம் மட்டும் பாக்கி இருந்தபோது மருமகளின் தமையன் வந்தார். அவர் இந்த ஊரில் எல்லா வீட்டு விசேஷத்துக்கும் முன்னுக்கு நிற்கிறவர். கைபேசியில் பஞ்சாங்கம் வைத்திருக்கிறார். கராஜைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது வீட்டுக்கு நிலை வைக்கிறமாதிரி. மேசையில இருந்து தூக்கிறதுதான் முக்கியம். அதுக்கு நேரம் பாக்காமல் தூக்கலாமோ?"

"அத்தான், இது கார்," என்றான் மகன்.

"கார்தானே ஆளைக் கொல்லுறது. வீடு கொல்லுதோ?"

மருமகள், "அண்ணா சொல்லுறது சரிதானே," என்றாள். நாள் குறித்தாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. இத்தனை மணிக்குள் தூக்க வேண்டும், தவறினால் கூடாத நேரம் தொடங்கிவிடும்.

அன்றைக்குக் கராஜ் வாசலில் மாவிலை கட்டினார்கள். எங்கே வாங்கினார்களோ, பாதி காய்ந்த இலை. சட்டத்துக்குச் சந்தனம், குங்குமம். கிறீஸுக்கு மேல் சந்தனம் பிடிக்குமா? சளி மாதிரி வழிந்தது. நான் வழக்கம்போலக் கையுறையோடு போய் நின்றேன். தமையன் என்னைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவள் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "மாமி, நீங்கள் கொஞ்சம் உள்ளுக்கு இருங்கோவன். முடிய நான் கூப்பிடுறன்," என்றாள்.

விளங்கிவிட்டது. நான் தாலி இல்லாதவள். முழுவியளத்துக்கு, நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்க, ஆகாத ஆள். அத்தனை நாளும் எண்ணெயும் இரும்புத்தூளும் துடைக்க ஆகின கை, இரும்பைத் தூக்குகிற நேரத்துக்கு ஆகாது. நான் மகனைப் பார்த்தேன். அவன் குனிந்து எதையோ தேடினான். தரையில் ஒன்றும் இல்லை.

நான் உள்ளே போனேன். எதிர்த்துச் சொல்லிப் பழக்கமில்லை. குசினிச் சன்னலால் எல்லாம் தெரிந்தது.

அவனுக்கு நேரம் பிந்திவிட்டது. கடைசிச் சட்டத்தை ஒரு பக்கத்திலிருந்தே, நிறுத்தாமல், இழுத்துக்கொண்டு போனான். இஞ்ச கொஞ்சம் அங்க கொஞ்சம் எல்லாம் போய்விட்டது. தமையன் கைபேசியைப் பார்த்தபடி, "கெதியா, கெதியா, நேரம் முடியப்போகுது," என்று நின்றார். ஒட்டின இடம் இன்னும் மங்கின சிவப்பு. மகன் நெற்றியைத் துடைத்தான். கிளாம்பில் கை வைத்தான், எடுத்தான். திரும்பவும் வைத்தான். அவனுக்குத் தெரியும். எனக்கு அவன் முதுகைப் பார்க்கத் தெரிந்தது, அவனுக்குத் தெரியும் என்று. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினான். தேசிக்காய் வெட்டினார்கள், கற்பூரம் காட்டினார்கள், தமையன் கூட்டிவந்த ஆட்கள் பழஞ்சீலையால் பிடித்துத் தூக்கினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். தேசிக்காய்ச் சாறு சூட்டு இரும்பில் பட்டு எரிந்த நாற்றம் குசினிக்குள் வந்தது. நான் சன்னலைச் சாத்தினேன்.

மறுநாள் காலையில் சட்டம் நாலு மூலைக்கும் வைத்த நாலு முட்டுக்கால்களின் மேல் இருந்தது. மூன்று மூலை முட்டில் இருந்தது. கராஜ் கதவுப் பக்கத்து மூலை முட்டில் இருக்கவில்லை. என் சின்ன விரல் அந்த இடைவெளியில் தாராளமாகப் போய்வந்தது. மகன் அதற்கு முன்னால் குந்திக்கொண்டு இருந்தான். நாடாவில் அளந்தால் மூலைக்கு மூலை சரியாகத்தான் வந்தது. முறுக்கு நாடாவில் தெரியாதாம்.

அவன் அழுதிருந்தால் பாவம் என்று நினைத்திருப்பேன். அவன் அத்தானுக்குத்தான் போன் எடுத்தான்.

அவர் வந்தார். சுற்றிப் பார்த்தார். "இதென்ன பெரிய விஷயம்? ஒரு தகட்டை அடியில வைச்சு விடு. கிழவனுக்குக் கண்ணும் தெரியாது. கையால அமத்திப் பாப்பான், ஆடாட்டிச் சரி. எஞ்சின் கைக்கு வரட்டும், பேந்து ஆறுதலாத் திருத்து."

"பிடிபட்டா?"

"எப்பிடிப் பிடிபடும்? மேல ஒரு மாலையைப் போடு."

அப்படியே செய்தார்கள். ஒரு துண்டுத் தகட்டை அடியில் செருகி, அதை மறைக்க அந்த மூலையில் மட்டும் தடிப்பாகப் பூமாலை. எனக்கு வந்த அருவருப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எலிக்கூட்டைப் பார்த்தபோதுகூட அப்படி வரவில்லை. எலி ஒருவரையும் ஏமாற்றவில்லை. அந்தக் கிழவர் தன் கண் மங்கல் என்று வெட்கப்படாமல் என் மகனிடம் சொன்னவர். இவன் அதை வைத்தே அவரை ஏமாற்றப் பார்க்கிறான்.

அன்று பின்னேரம் மகன் வேலைக்கு லீவு போட்டிருந்தான். கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். ஒழுங்கையில் அப்போதே பழைய இரும்புக்காரரின் லொறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. யூலை கிட்ட வந்துவிட்டது. என்னைத் திரும்பவும் உள்ளே இருக்கச் சொல்லியிருந்தார்கள். கிழவர் உட்கார்ந்ததும் ஏதோ கேட்டார். அதற்குள் "மதாம்" என்ற சொல் எனக்குக் கேட்டது. தமையன் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார். கிழவர் விடவில்லை, நாடாவைத் தூக்கிக் காட்டினார். நாடா பிடிக்கிற ஆள் நான்தானே. அவருக்கு எங்கள் முழுவியளம் ஒன்றும் தெரியாது.

மகன் குசினிக் கதவில் வந்து நின்றான். "அம்மா, ஒருக்கா வாங்கோ. சும்மா பிடிச்சுப்போட்டுப் போங்கோ." கண்ணைப் பார்க்கவில்லை.

கையுறை போட்டேன். போனேன். எனக்குக் கிடைத்தது அந்த மாலை போட்ட மூலைதான். குந்தி, நுனியைப் பிடித்தேன். மல்லிகையும் கிறீஸும் சேர்ந்த ஒரு நாற்றம். மகன் இலக்கம் வாசித்தான், கிழவர் தலையாட்டினார். பிறகு அவர் எழும்பி, ஒவ்வொரு மூலையாக உள்ளங்கையால் அமத்திக்கொண்டு வந்தார். ஒன்று. ஆடவில்லை. அடுத்தது. ஆடவில்லை. என் மூலைக்கு வந்தபோது அவருடைய சப்பாத்து என் முழங்காலோடு முட்டியது. "பர்தோன்," என்று மன்னிப்புக் கேட்டார்.

நான் தகட்டை உருவினேன்.

நினைத்துச் செய்தது என்று சொல்ல மாட்டேன். கை போய்விட்டது. அவர் அமத்தினார். டக் என்று சட்டம் சாய்ந்து முட்டில் அடித்தது. எதிர்மூலை கிளம்பியது. அவர் கையை எடுத்தார், டக் என்று திரும்பி வந்தது. இன்னொரு முறை அமத்தினார். டக். நான் தகட்டை அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மாலையைத் தடவிப் பார்த்தார். மகனிடம் ஏதோ கேட்டார்.

மகன் கையிலிருந்த நாடாவைச் சுருட்டினான்.

"என்னவாம்?" என்று நான் கேட்டேன். அத்தனை பேருக்கு முன்னால் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"சூட்டோட கழட்டினியோ எண்டு கேக்கிறார்."

"ஓம் எண்டு சொல்லு."

"அம்மா..."

"ஓம் எண்டு சொல்லடா."

சொன்னான். கிழவர் தகட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒழுங்கையைக் கடந்து, தன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு வந்தது எனக்கான ஏச்சுப் பூசை. தமையன், "நான் அப்பவே சொன்னன், ஆகாத கை பட்டா இப்பிடித்தான்," என்றார். வேலை முடிந்து வந்து நின்ற மருமகள் அழுதாள்: "மாமி, உங்களுக்கு என்ன குறை வைச்சனாங்கள்?" மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு சொல், ஒரேயொரு சொல் சொல்லியிருக்கலாம்: அம்மாவின் கையில்லை, என் கைதான் என்று. சொல்லவில்லை. நான் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கையை மல்லிகை வாசம் போகும்வரை கழுவினேன்.

இரண்டு நாள் கராஜ் பூட்டியே கிடந்தது. பிறகு ஒரு காலையில் கிழவர் தானாகவே வந்து கதவைத் தட்டினார். ஒரு வாளி நிறையத் தன்னுடைய கிளாம்புகளைக் கொண்டுவந்திருந்தார். மகன் அந்தக் கடைசிக் குறுக்குச் சட்டத்தை வெட்டி எடுத்தான். திரும்ப மேசையில் இறுக்கினான். கிழவர் வாங்கில் இருந்து, ஒவ்வொரு சின்ன ஒட்டுக்குப் பிறகும் கையை உயர்த்துவார். மகன் நிறுத்துவான். அவர் கையை இறக்கும்வரை காத்திருப்பான். அப்படியே பொழுது போனது. கூடாத நேரமும் வந்து போயிருக்கும், ஒருவரும் பார்க்கவில்லை. கிளாம்புகளை அடுத்த நாள்தான் கழற்றினார்கள். நாடா பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு முழங்கால் நோ என்று சொல்லிவிட்டேன். நோ இல்லை. அருவருப்பு. சன்னலால் பார்த்தேன், நாலு மூலையும் முட்டில் இருந்தது.

வீடு மாறுகிற நாளில் கிழவரின் எஞ்சின் எங்கள் கராஜுக்கு வந்தது. கிழவர் போய்விட்டார். போகும்போது எனக்குத் தொப்பியைத் தொட்டார். நான் அன்றைக்கு உள்ளே ஓடவில்லை, தலையாட்டினேன்.

மகன் என்னிடம் அந்த விஷயத்தைப் பற்றி இன்றுவரை கதைக்கவில்லை. புதுப் புட்டுப்பானை ஒன்று வாங்கிவந்து குசினியில் வைத்தான், அவ்வளவுதான். நான் பழையதைத்தான் பாவிக்கிறேன், இன்னும் மணக்கிறது. போன கிழமை அவன் வந்து, எஞ்சினை முதல்முதல் ஸ்டார்ட் பண்ணுகிற நாளுக்கு அத்தான் நேரம் பார்த்திருக்கிறார் என்றான். சொல்லிவிட்டு நின்றான். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"அண்டைக்கு நான் உள்ளுக்கு இருக்கோணுமோ?"

அவன் புதுப் புட்டுப்பானையின் மூடியைத் திறந்து மூடினான்.

"இருக்கமாட்டன்," என்றேன். "புவாண்ட்-கிளேருக்கு எப்பிடிப் போறதெண்டு பாத்துச் சொல்லு. நான் அந்தாளைப் பாக்கப் போறன். நீ ஸ்டார்ட் பண்ணிப்போட்டு எனக்குப் போன் எடு. போனை அவற்ர காதில வைக்கிறன்."

எந்த பஸ் என்று இன்னும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் ஒன்றுகூடலில் ஆரிடமாவது கேட்பேன்.

இதைப் படிக்கிறவர்களில் வெல்டிங் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு உதவி. நான் தண்டு, குறுக்குச் சட்டம், முட்டு என்று எழுதியது சரியான பெயர்களா, ஒட்டின இடம் மங்கின சிவப்பாக இருந்தது என்று எழுதியது அவ்வளவு தூரத்திலிருந்து தெரியக்கூடியதா, முறுக்கு நாடாவில் தெரியாது என்பது உண்மையா என்று யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். என் மகனிடமும் கேட்கலாம். அவன் இப்போது உண்மையைச் சொல்லுவான் என்று நினைக்கிறேன். அவனுடைய அத்தானிடம் மட்டும் கேட்க வேண்டாம்.